வாக்மேனில் ஒரு ரெக்கார்டு பட்டன்

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கச் சொன்னால் நடப்பேன், எனக்கென்ன! ஆனால் மைதானத்தை வெறுமனே சுற்றிச் சுற்றி வருவது செக்குமாட்டு வேலை. பாட்டு வேண்டும். போனில் கேட்கலாம் என்றால் நான் வேலை பார்க்கிற ஸ்டேஷனிலிருந்து யாராவது கூப்பிட்டு உயிரை வாங்குவார்கள். பாட்டு மட்டும் பாடுகிற சின்ன சாமான் ஒன்று இருந்தால் போதும். கடைப் பெண் நாலைந்து எடுத்துப் போட்டாள். அதில் தீப்பெட்டி அளவில் ஒன்று, துப்பட்டாவில் குத்திக்கொள்கிற மாதிரி கிளிப் வைத்தது. பார்த்ததுமே பிடித்துவிட்டது.

“இதுல ரெக்கார்டிங்கும் இருக்கு மேடம். பட்டனை அழுத்துனா நாம பேசுறதெல்லாம் பதிஞ்சிடும்.”

“அது இல்லாதது காட்டும்மா.”

“அது எக்ஸ்ட்ரா வசதிதானே மேடம்? வேணாம்னா அழுத்தாம விட்டுடுங்க.”

“இல்லாததுதான் வேணும்னு சொல்றேன்ல!”

கடையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவள் என்ன செய்வாள். அவள் பிறப்பதற்கு முன்னால் வந்த கோபம் அது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம், வாய்க்கால் கரையை ஒட்டித் தெரு. போலீஸ் வேலைக்குப் பெண்களை நிறைய எடுக்கப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. நானும் எதிர்வீட்டுச் சிநேகிதியும் சேர்ந்தே விண்ணப்பம் போட்டோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் எதைத்தான் தனியாகச் செய்தோம்? விடிந்தும் விடியாமல் எழுந்து வாய்க்கால் கரையில் மதகு வரைக்கும் ஓடுவோம். தெருவில் கேலிக்குக் குறைவில்லை. “ஏன்டி, மாடு அத்துக்கிட்டு ஓடிடுச்சா, இந்த ஓட்டம் ஓடுறீங்க?” என்பார்கள். இன்னும் சிலர் எங்கள் காதில் விழுகிற மாதிரியே வேறு சொல்வார்கள். அதை எழுத மாட்டேன்.

காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு ஓடினால் மூச்சு வாங்குவதே தெரியாதாம், தெருப் பேச்சும் கேட்காதாம் என்று அவள்தான் சொன்னாள். இரண்டு பேரும் நடவு நட்ட கூலியைச் சேர்த்து ஒரு வாக்மேன் வாங்குவது, ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்வது, ஓடும்போது ஆளுக்கு ஒரு காது என்று முடிவானது. நாகூரில் சிங்கப்பூர் சாமான் விற்கிற கடைகள் இருந்தன. அம்மாவிடம் தர்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம். பொய் இல்லை, தர்காவுக்கும் போனோம்.

கடைக்காரர் மூன்று செட்டுகளை வரிசையாக வைத்தார். ஒன்றில் ரேடியோவும் சேர்ந்திருந்தது, ஆனால் செங்கல் கனம். இன்னொன்று மஞ்சள் நிறம், மூடியைச் சுற்றி ரப்பர், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்றார். மூன்றாவதில் சிவப்பாக ஒரு ரெக்கார்டு பட்டன்.

“பாய், ஓடுறப்ப பாட்டு இழுக்குமா?” என்று கேட்டேன்.

“நான் எங்கம்மா ஓடினேன்? நீங்களே ஓடிப் பாத்துட்டு வாங்க. ஆனா திரும்பி வந்துடுங்க தாயி!”

ஓடினோம். பாவாடை தாவணியோடு அந்த ஜனக்கூட்டத்தில், ஒரு ஒயரில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினோம். கடை வாசலில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ரேடியோ செட்டு இடுப்பிலிருந்து நழுவியது. ரெக்கார்டு பட்டன் வைத்ததில் பாட்டு குலுங்கிக் குலுங்கி அழுதது. மஞ்சள்தான் அலுங்காமல் பாடியது. அவள் மஞ்சளை வாங்கலாம் என்றாள். ஓடுவதற்கு வாங்குகிறவள் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். நான் அந்தச் சிவப்புப் பட்டனை விட்டுக் கையை எடுக்கவில்லை. என் குரலை நானே கேட்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. பிற்பாடு எத்தனையோ நாள் எல்லாப் பழியையும் அவள் தலையில் போட்டுப் பேசியிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் பொய் சொல்லக்கூடாது. பட்டன் கேட்டது நான்.

இனி நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அப்பா அதே பண்ணையில் ஏழு மா, அதாவது இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல், குத்தகைக்குப் பிடித்துச் சாகுபடி செய்தார். மிராசுதார் மெட்ராஸில் இருந்தார், இங்கே எல்லாம் அவருடைய காரியக்காரர்தான். ஆட்சி மாறும்போதெல்லாம் அந்த மனிதரின் வேட்டிக் கரையும் மாறும். தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் குத்தகைக்காரர் என்று பெயர் ஏறிவிட்டால் ஒருவனை நிலத்தைவிட்டு லேசில் எழுப்ப முடியாது. அதனாலேயே அவர் யாருக்கும் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்கமாட்டார். அடுத்த போகத்துக்கு நிலம் உண்டா இல்லையா என்பது அவர் வாயில்தான் இருந்தது.

அப்பா இரண்டு வருஷமாக வாயைத் திறக்காமல் ஒரு வேலை பார்த்தார். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரிடம் நயமாகப் பேசி, சாகுபடி செய்வது அவர்தான் என்று தாசில்தார் முன்னால் சாட்சி சொல்லச் சம்மதிக்க வைத்திருந்தார். அறுப்பு முடிந்து நிலம் சும்மா கிடக்கிற நேரம்தான் ஆபத்து, முதலில் எவன் ஏர் கட்டுகிறானோ அவன் கையில் நிலம் போய்விடும். ஆகவே சம்பா கதிர் நிற்கும்போதே உள்ளே உளுந்து தெளிப்பது என்று திட்டம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான், யாருக்கும் சந்தேகம் வராது. நெல்லை அறுத்தால் அடியில் உளுந்து முளைத்து நிற்கும், நிலம் ஒரு நாளும் காலியாக இருக்காது. அது காய்ப்பதற்குள் பதிவேட்டில் பெயர் ஏற்றச் சொல்லி மனுவைக் கொடுத்துவிடலாம். இது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். அவர்கள் பேசியதைக் கேட்டு எனக்குத் தெரியும். “வெளியில மூச்சு விடக்கூடாது” என்று அப்பா என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்.

தை மாதம், ஒரு காலை. ஓடி முடித்து நானும் சிநேகிதியும் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தோம். அவள் ரெக்கார்டு பட்டனை அழுத்தி, செட்டை என் வாய்க்கு நேரே நீட்டி, ரேடியோவில் பேட்டி எடுக்கிறவர்கள் மாதிரி குரலை மாற்றிக்கொண்டாள். “போலீஸ் அதிகாரி அவர்களே, உங்கள் தந்தையார் என்ன செய்கிறார்?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். “எங்க தந்தையார் லேசுப்பட்ட ஆளு இல்லீங்க. காரியக்காரர் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டாரு!” பிறகு எல்லாம் வந்துவிட்டது. உளுந்து எதற்கு, மனு எப்போது, சாட்சி சொல்லப்போகிற இரண்டு பேர் யார் யார், ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள், நான் பெருமையாகப் பதில் சொன்னேன். போட்டுக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். அது அவளுடைய வாரம். செட்டும் கேசட்டும் அவள் வீட்டுக்குப் போயின.

அறுப்பு முடிந்தது. கட்டெல்லாம் களத்துக்குப் போய்விட்டது. மறுநாள் காலை நான் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அறுத்த நெல் தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டு வயல் முழுக்கப் பச்சையாக இருந்தது. வரப்போரம் ஒரு டிராக்டர் நின்றது. காரியக்காரரும் வந்திருந்தார். டிரைவரிடம் ஒரு கேசட்டைக் கொடுத்தார். உழும்போது பாட்டுக் கேட்க டிராக்டரில் டேப்பும் பெரிய ஸ்பீக்கரும் வைத்திருப்பார்கள் அல்லவா, அதில் போடச் சொன்னார்.

என் சிரிப்பு வயல் முழுக்கக் கேட்டது. கேட்டதும் ஒரு நொடி எனக்கு விளங்கவே இல்லை. யாரோ சிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். “எங்க தந்தையார் லேசுப்பட்ட ஆளு இல்லீங்க” என்று வந்தபோது கையிலிருந்த கஞ்சித் தூக்கு நழுவிவிட்டது. சாட்சிக்காரர்கள் இரண்டு பேரும் அடுத்த வரப்பில்தான் நின்றார்கள். அவர்கள் பெயர் ஸ்பீக்கரில் வந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

“யாரு குரல்யா இது? ஒம் பொண்ணு இல்ல?” என்றார் காரியக்காரர்.

பத்தடி தள்ளி நான் நிற்கிறேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. “இல்லீங்க,” என்றார். “அது எம் பொண்ணு குரல் இல்லீங்க.”

காரியக்காரர் சிரித்துவிட்டு டிரைவருக்குக் கையைக் காட்டினார். அப்பா குறுக்கே போய் நின்றார், இரண்டு ஆட்கள் பிடித்து இழுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, உளுந்து அத்தனையும் மண்ணுக்குள் போய்விட்டது. டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் வந்து மூன்று நாள் வயலில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து எழுப்பியது. நான் சேர ஆசைப்பட்ட அதே போலீஸ்! அப்பா தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். நிலம் உழுது காலியாகக் கிடக்கிறது, எவர் சாகுபடியிலும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

டிராக்டர் ஓடிய அன்றைக்கே சிநேகிதியிடம் போய்க் கேட்டேன். கேசட் எங்கேயோ தொலைந்துவிட்டது, யார் எடுத்தார்களோ, சத்தியமாகத் தெரியாது என்று அழுதாள். நானும் நம்பினேன். மடச்சி, நம்பினேன்! அவளோடு சேர்ந்து அழவும் செய்தேன். அந்த வாரமும் நாங்கள் கரையில் ஓடினோம்.

குறுவைக்கு அந்த ஏழு மாவில் ஏர் இறக்கியது அவளுடைய அப்பா. அதுவரை ஒரு குழி நிலம்கூட இல்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். அன்று அவளை வாய்க்கால் படித்துறையில் பிடித்தேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை, காதெல்லாம் கொதித்தது. அவள் இந்தத் தடவை அழவில்லை.

“நான்தான் அப்பாகிட்ட கொடுத்தேன். நீ போலீஸாயிடுவே. நான் ஆவ மாட்டேன்னு மார்கழிலயே தெரியும். ஸ்டேஷன்ல ஒரு போலீஸ் அக்கா செவுத்துல நிக்கவச்சு அளந்தாங்க. உசரம் ஒரு இஞ்சு பத்தல.”

“அப்புறம் ஏன்டி தினமும் என்கூட ஓடி வந்தே?”

“நீ கூப்பிட்டே, வந்தேன். ஒங்க வீட்டுக்கு ஒரு சம்பளம் வரும். எங்க அப்பாவுக்கு என்னடி வரும்?”

பளார் என்று ஒன்று விட்டேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர திருப்பி அடிக்கவில்லை. அடித்தும் எனக்கு ஆறவில்லை, இன்றுவரை ஆறவில்லை. என் ரகசியத்தை விற்றாள் என்பதைக்கூட விட்டுவிடுவேன். அழுதாளே, நானும் கூட அழுதேனே, அதை எப்படி விடுவது? அன்றோடு பேச்சு நின்றது. செட்டை அவளே வைத்துக்கொண்டாள், எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

அவள் கணக்கு தப்பவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். காதில் எதுவும் இல்லாமல், ஆத்திரத்திலேயே ஓடி நான் தேறிவிட்டேன். பயிற்சிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அதற்குள் அப்பா ஊரார் வயலில் கூலிக்கு இறங்கியிருந்தார். இத்தனை மாதத்தில் டேப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா என்று எப்போதும்போல்தான் பேசுவார். திட்டினாலாவது தேவலை என்று எனக்கு இருந்தது.

கிளம்புகிற அன்று தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாபநாசம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

“அப்பா, அந்த டேப்புல பேசுனது நான்தாம்ப்பா.”

“ஏன், எனக்குத் தெரியாதா? நீ அந்தக் கரையிலேருந்து கூப்பிட்டா இந்தக் கரையில எனக்குக் கேக்கும்.”

“அப்புறம் ஏம்ப்பா இல்லைன்னு சொன்னீங்க?”

“அவன் முன்னாடி ஒன்னைக் காட்டிக் கொடுக்கச் சொல்றியா?”

“கூடவே இருந்து கழுத்தறுத்துட்டாப்பா அவ. துரோகி. இப்படிச் செய்வான்னு நான் கனவுலகூட நினைக்கல” என்றேன். அப்பா துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பஸ் வந்து நின்றது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுக் கீழே இறங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்தப் புள்ள அவ அப்பனுக்குன்னு செஞ்சுது,” என்றார். “அதுகூட எனக்குப் பெருசா தெரியலம்மா. நீ சிரிச்சுக்கிட்டே சொல்லியிருந்தியே.”