பத்தாயிரம் டன்னும் தாழ்வாரத்தின் காலி மூலையும்

புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் வாசம்... அது மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் ஞாபகம் வருவது போர்க்கப்பல்தான். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கண்டனூரில் வள்ளி ஆச்சிக்குக் கல்யாணம். எங்களில் அக்காவை ஆச்சி, அப்பாவை அப்பச்சி என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அதே வாரம் பி.ஏ. ஹிஸ்டரி செமஸ்டர். கையில் புளி, மடியில் நோட்ஸ்.

அன்று படித்தது வாஷிங்டன் ஒப்பந்தம். முதல் உலகப் போர் முடிந்ததும் வல்லரசுகள் உட்கார்ந்து பேசி, இனி க்ரூஸர் என்ற ரகப் போர்க்கப்பல் எதுவும் பத்தாயிரம் டன்னைத் தாண்டக் கூடாது, பீரங்கி எட்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டன. நல்ல காரியம்தானே என்று பக்கத்தைத் திருப்பினால்... தூக்கிவாரிப் போட்டது. அதுவரை சின்னக் கப்பலும் ஆறு அங்குலப் பீரங்கியுமாக இருந்தவர்கள்கூட, அதன்பிறகு பத்தாயிரம் டன், எட்டு அங்குலம் என்றே கட்ட ஆரம்பித்தார்களாம்!

எங்கள் ஊரிலும் அப்போது ஓர் ஒப்பந்தம் இருந்தது. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கல்யாணத்தில் பரப்பி வைப்போம். போட்டி தாங்காமல், தாழ்வாரத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் பரப்பக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். "தப்பிச்சோம் தாயி" என்றார் அப்பச்சி. சின்ன மளிகைக் கடை, மூன்று பெண்கள் அவருக்கு.

ஆனால் அதன்பிறகு நடந்த கல்யாணங்களில் எல்லாம் அந்த ஒரு பக்கம் சுவரோடு சுவராக நிறைந்தது. இடம் போதாதவர்கள் உயரத்தில் அடுக்கினார்கள். உயரத்துக்குத்தான் யாரும் கோடு போடவில்லையே!

நாங்கள் தள்ளித் தள்ளிப் பரப்பியும் ஒரு மூலை காலியாகவே கிடந்தது.

மாப்பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டார்கள். "அங்குட்டு என்ன வெறிச்சுன்னு கெடக்கு? இன்னும் சாமான் வரணுமோ?"

"தாண்டக் கூடாதுன்னுதானே பேச்சு..." அப்பச்சி இழுத்தார்.

"தாண்ட வேணாம். நெரப்பவுமா கூடாது? பாக்குறவுக என்ன நெனப்பாக?"

அப்பச்சி தலை நிமிரவில்லை. நோட்ஸில் படித்தது எங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது!

அப்போது வள்ளி ஆச்சி கல்யாணப் பட்டோடு வந்தாள். அவள் அதிர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. நேராக அந்தக் காலி மூலைக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும் இந்த வீட்டுலேருந்துதான் வாரேன். இப்ப நெரஞ்சிருச்சான்னு பாருங்க."

கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

அத்தைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளைதான் சொன்னார். "போதும் அத்தை, வாங்க."

...

இப்போது அந்த ஆச்சியின் மகளுக்குக் கல்யாணம். மண்டபம், கேட்டரிங், ட்ரோன் கேமரா. சாமான் பரப்பி யாரும் பார்ப்பதில்லை. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒரு முடிவு வந்தது. விருந்தில் இருபது வகைக்கு மேல் கூடாது. பரவாயில்லை, உலகம் திருந்திவிட்டது என்று நானும் தம்ஸ்-அப் போட்டேன்.

நேற்று நான் ஆச்சி வீட்டில் இருந்தபோது கேட்டரிங்காரர் போன். ஆச்சி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்ப இருபதையும் போட்டுருவோம்ல? மத்தவுக எல்லாரும் அப்படித்தான் சொல்லிருக்காக."

நான் அதிர்ந்துபோய் ஆச்சியைப் பார்த்தேன். அவள் அசரவே இல்லை.

"பன்னெண்டு போதும்."

"இலை வெறிச்சுன்னு தெரியுமே, ஆச்சி..."

"தெரியட்டும். யாராச்சும் கேட்டா என்னையக் கூப்பிடுங்க. நான் வந்து உக்காந்துக்கிறேன்."