ரசச் சொம்பின் அடிப்பாகம்

உலோகத்தை அமிலத்தில் கரைத்து, அதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்வது என் வேலை. அதனால்தான், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் என் மனைவி வாங்கி வந்த ஈயச் சொம்பைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. ரசச் சொம்பு வெள்ளீயத்தில் இருக்க வேண்டும். நஞ்சான காரீயம் கலந்திருந்தால், புளி அதை ரசத்தில் இறக்கிவிடும். ஐந்து மாதக் கர்ப்பிணியான எங்கள் மகள், தோ பாயோவிலிருந்து ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை வருவதே ரசத்துக்காகத்தான். வேறெதுவும் அவள் வாய்க்குப் பிடிக்கவில்லை.

சுரண்டிப் பார்க்க வேண்டும் என்றேன்.

“அடியில கைய வைக்காதீங்க லா, ஓட்டையாயிடும். வேணும்னா வாய்ப்பக்கம் எடுத்துக்குங்க,” என்றாள் மனைவி.

வாக்குவாதத்துக்குச் சோம்பி, விளிம்பில் மட்டும் சுரண்டினேன். ஒரே இடத்தில் எடுத்த மாதிரியை யாராவது ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தால், முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்புகிறவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளீயம் வெள்ளை மாவாக அடியில் தங்கியது. காரீயம் இருந்தால் மேலே உள்ள தெளிவில் கரைந்து நிற்கும். அந்தத் தெளிவை வடிகட்டி, உலோக அளவு காட்டும் கருவியில் கொடுத்தேன். காரீயம் துளியும் இல்லை. அன்றே மகளைப் போனில் அழைத்து, “தாராளமா குடிம்மா, நானே டெஸ்ட் பண்ணிட்டேன்,” என்று பெருமையடித்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து, கழுவிய சொம்பை மனைவி பழைய தபால் உறை ஒன்றின் மேல் வைத்து நகர்த்தினாள். பென்சிலால் இழுத்ததுபோல் கரிய கோடு விழுந்தது. வெள்ளீயம் அப்படிக் கோடு போடாது; காரீயம்தான் போடும். பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். சுத்தியல் தழும்புகளுக்கு நடுவே ஓர் ஒட்டு சுற்றி ஓடியது. மேல்பாதி வேறு, கீழ்ப்பாதி வேறு. மறுநாள் அடிப்பாகத்தைச் சுரண்டிக் கரைத்தேன். மூன்றில் ஒரு பங்கு காரீயம்.

கடைக்காரரைத் திட்டினேன். அடியைத் தொடவிடாத மனைவியிடம் கத்தினேன். அவள் அழுதாள். எனக்கு என் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மகளைப் போனில் அழைத்து விவரம் சொன்னேன். “டாக்டர்கிட்ட சொல்லி, ரத்தத்துல காரீயம் இருக்கான்னு இன்னைக்கே பாத்துடும்மா.”



“வாரம் ஒரு தடவதான்பா குடிச்சிட்டிருந்தேன்,” என்றாள். “நீங்க டெஸ்ட் பண்ணிட்டேன்னு சொன்னதுக்கப்புறம்தான், அம்மாகிட்ட டப்பால வாங்கிட்டு வந்து தினமும் குடிச்சேன்.”