பொடி விசாரணை

இட்லியைத் தொடுவதற்கு முன்னால் கோமதிநாயகத்தின் மூக்கு தட்டை நோக்கி இறங்கும். சட்னியில் ஒரு நிறுத்தம், சாம்பாரில் ஒரு நிறுத்தம். பொடிக்கு வந்ததும் அங்கேயே தங்கிவிடும். விருந்துக்குப் போன இடத்திலும் இதே கதைதான். பரிமாறுகிறவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தலை நிமிர்வதற்காகக் காத்து நிற்க வேண்டும். பக்கத்து இலைக்காரனுக்குத்தான் சங்கடம். அந்தப் பக்கத்து இலைக்காரன் பெரும்பாலும் நான்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

திருவேங்கடம் ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். பல்பை எரியவிட்டுக் காட்டிக் கொடுப்பது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். இவர் எரியவிட்டுக் காட்டிவிட்டு, வாங்க வந்தவர் முகத்தையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வார். கீழே போட்டுவிட்டு நாளைக்கு வந்து எரியவில்லை என்று நிற்கிற ஆளா இல்லையா என்று முகத்திலேயே தெரியுமாம். காலையில் பால் வந்தால் ஒரு சொட்டை நகத்தில் விட்டு வழிகிறதா என்று பார்ப்பார். தேங்காயைக் காதோரம் ஆட்டுவார். கடைக்காரர் நல்லதை ஒதுக்கி வைத்திருக்கிறாரோ என்று அவர் பின்னால் இருக்கிற குவியலிலும் ஒன்றை எடுத்து ஆட்டுவார். குருவிகுளத்தில் இருக்கும் தங்கச்சி மாப்பிள்ளை போன் பண்ணி, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டால் போச்சு. சும்மா எதற்குக் கூப்பிட்டார் என்று அன்று முழுக்க அதே யோசனை.

கோயில் மண்ணைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் பிரசாதமே புற்று மண்தான். நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒரு துளி வாயிலும் போட்டுக்கொள்வோம். வயிற்றுவலியா, தோலில் தடிப்பா, பிள்ளைகளுக்குப் பரீட்சையா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு துளிதான். அங்கே இருக்கும் கோமதி அம்மன் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிற இந்த மனிதர் மட்டும் நெற்றியோடு நிறுத்திக்கொள்வார். மண் என்றால் மண்தானே என்பார்.

இதில் பாதி, பிழைப்பு பழக்கிவிட்டது. சவூதியில், தம்மாமில், ஒரு கட்டுமான கம்பெனியில் ஸ்டோர்கீப்பராகப் பல வருஷம் இருந்தவர். ஒரு நட்டும் போல்ட்டும் அவர் கண்ணைத் தாண்டி வெளியே போகக் கூடாது. வருகிறவன் எல்லாம் திருட வருகிறவன் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த வேலையில் நிலைக்க முடியும். முதல்முறை போனபோது அவர் மனைவி, எனக்கு மதினி முறையாக வேண்டிய கனகலட்சுமி, பெட்டிக்குள் ஒரு பொட்டலம் புற்று மண் வைத்து அனுப்பினார். ஊரை விட்டுப் போகிற எல்லோர் பெட்டியிலும் அது இருக்கும். இவர் அதைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினாராம்.

“பழுப்பா ஒரு பொடி. அங்கன எறங்கினதும் இது என்னன்னு கேப்பான். சாமி மண்ணுன்னா நம்புவானாவே?”

முதல் லீவில் வந்தபோது இந்தச் சாமர்த்தியத்தை மனைவியிடமும் சொல்லியிருக்கிறார். மதினி ஒரு வார்த்தை பேசவில்லையாம். சந்தேகப்பட வேண்டிய இடம் அது. ஊரில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற மனிதர் அதை மட்டும் விட்டுவிட்டார்.

தம்மாமைப் பற்றி அதிகம் பேசமாட்டார். வெயிலைப் பற்றிக் கேட்டால், நம்ம ஊர் வெயில்தான், கொஞ்சம் கூட என்பார். அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால்தான் குரல் மாறும். வேலை நாளில் ஊர் நினைப்பு வர நேரம் ஏது? லீவு நாளில் விடிந்ததுமே நெஞ்சை அடைக்கும். அறையில் இருந்த மற்றவர்கள் துணி துவைப்பார்கள், வீட்டுக்குப் போன் பேசுவார்கள். இவர் பெட்டியைத் திறந்து, மதினி கொடுத்துவிட்ட இட்லிப் பொடிப் பாட்டிலை எடுப்பார். இட்லிக்கு அங்கே எங்கே போக? குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்து, நல்லெண்ணெயில் குழைத்த பொடியில் தொட்டு வாயில் வைப்பார். கண் நிறைந்துவிடும். காரம் என்று சொல்லித் துடைத்துக்கொள்வார். கூட இருந்த கடையநல்லூர் ஆதம் ஒருநாள் அதே பொடியைத் தொட்டுத் தின்றுவிட்டு, அப்படி ஒன்றும் காரம் இல்லையே அண்ணாச்சி என்று கேட்டுவிட்டார். அதற்கு அப்புறம் இவர் ஆதமுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்ன ஆரம்பித்திருக்கிறார்.

“அந்தப் பாட்டில் மட்டும் இல்லன்னா ரெண்டாம் வருசமே ஓடி வந்துருப்பேன்வே” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

லீவில் வந்தபோதெல்லாம் கறியும் மீனுமாக விருந்துதான், பொடிக்கு இடமே இருந்ததில்லை. ஒரேயடியாக ஊர் திரும்பி மூன்று வருஷம் ஆகிறது. வந்த மறுநாள் காலையில் மதினி இட்லிக்குப் பொடி வைத்தார். வாயில் போட்டவர் மெல்வதை நிறுத்தினார். உளுந்து சரி, மிளகாய் சரி, எள்ளும் காயமும் சரி. ஆனால் அந்தப் பொடி இல்லை. அன்றைக்குத்தான் அவருடைய மூக்கு தட்டுக்கு இறங்கத் தொடங்கியது. மதினியிடம் கேட்டதற்கு, கண்டதையும் தின்று நாக்கு செத்துப்போச்சு உங்களுக்கு என்று சொல்லி இன்னொரு இட்லி வைத்திருக்கிறார். அந்தப் பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை.

“கடைசியில நாக்குல ஒரு நரநரப்பு நிக்கும். பருப்பு அரைபடாமக் கெடக்குமே, அது இல்ல. இது வேற. முழுங்கின பொறவு ஒரு வாசம் மேல ஏறும். இப்ப அது ஒண்ணுமே இல்லவே.”

ஸ்டோர்கீப்பர் மூளை வேலை செய்தது. நரநரப்பு கல்லிலிருந்து வருவது. கல் என்றால் உரல். வீட்டில் இருப்பதோ கல்யாணச் சீராக வந்த மிக்ஸி. ஆகவே அந்தப் பொடியை வேறு யாரோ உரலில் இடித்திருக்கிறார்கள். மனைவி அதை வாங்கிப் பாட்டிலில் அடைத்து, தன் கைப்பொடி என்று இத்தனை காலம் ஏமாற்றியிருக்கிறார். முதல் பாட்டிலில் அந்த ருசி கிடையாது, லீவுக்கு வந்து திரும்பிய பிறகுதான் அது வந்தது என்பதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் தடவை தானே செய்தவள், அப்புறம் சலித்துப்போய் ஆளை மாற்றிவிட்டாள் என்று முடிவு கட்டினார். மதினியிடமே கேட்டுவிடுங்களேன் என்றேன். களவாண்டவனிடமே போய்க் களவாண்டாயா என்று யாராவது கேட்பார்களா என்று என்னை மடக்கினார்.

விசாரணை தொடங்கியது. பின்தெருவில் உரலில் இடித்துப் பொடி விற்கிற ஆறுமுகத்தாயிடம் கால் கிலோ வாங்கி, கடையிலேயே உட்கார்ந்து நக்கிப் பார்த்தார். அது இல்லை. கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் கொழுந்தியாள் வீட்டுக்கு, கல்யாணமாகிப் போன காலத்திலிருந்து இல்லாத பாசத்தோடு போய் இரண்டு வேளை இட்லி தின்றுவிட்டு வந்தார். அதுவும் இல்லை. மெயின் போர்டைப் பார்க்கிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்தவர், போர்டைத் திறந்து மூடிவிட்டு என் மனைவியிடம் ஒரு ஸ்பூன் பொடி கேட்டார். நக்கினார். இதுவும் இல்லை என்று சொல்லி எழுந்து போனார். என் மனைவிக்கு ஒரு வாரம் கோபம் ஆறவில்லை. மறுநாள் காலையில் நானும் எங்கள் வீட்டுப் பொடியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக மென்று பார்த்தேன். அவரோடு பழகினால் அப்படித்தான்.

ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. யார் இடித்தால் என்ன அண்ணாச்சி, தின்றது தின்றதுதானே, மதினியைப் போட்டு இப்படிப் படுத்தலாமா என்று கேட்டேன். கையில் இருந்த டெஸ்டரை மேஜையில் வைத்தார்.

“அங்கன அழுதுக்கிட்டே தின்னேன்வே. எம் பொண்டாட்டி கையால திங்கிறதா நெனச்சுத் தின்னேன். அது யாரு கைன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?”

அதுவரை அவரை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நான். அதற்கப்புறம் சிரிக்க வரவில்லை.

போன மாதம் அவர் மகள் அனுவுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. பெட்டி கட்டும் வேலை நடந்த ஞாயிற்றுக்கிழமை, மதினி மகளுக்காகப் பொடி வறுக்க ஆரம்பித்தார். கோமதிநாயகம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். உளுந்து சிவந்ததைப் பார்த்தார். மிளகாய் வத்தல் உப்பியதைப் பார்த்தார். மிக்ஸி ஓடி நின்றதையும் பார்த்தார். பொடியைத் தாம்பாளத்தில் கொட்டி ஆறவைத்த மதினி, பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டும், போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அவரை விரட்டினார். பூட்டு சாயந்தரம் வாங்கினாலும் ஆகும். இப்போது எதற்கு விரட்டுகிறாள்? செருப்பைப் போட்டுச் சத்தமாக நடந்து, கேட்டைத் திறந்து மூடினார். செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்தார்.

சுவருக்கு மேல் அவர் குரல் கேட்டது. கரண்ட் அடித்துவிட்டதோ என்று பதறி ஓடினேன்.

அடுப்படியில் மதினியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். மதினியின் விரல்களுக்கு நடுவில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். அதிலிருந்து பழுப்பாக ஏதோ கொஞ்சம் பொடியின் மேல் விழுந்திருந்தது. சாட்சிக்குத்தான் கூப்பிட்டேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளும், மருந்து கலக்குகிறாள் என்றார் என்னிடம். புருஷனை மயக்கச் சோற்றில் மருந்து வைப்பார்கள் என்று இந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பெற்ற மகளுக்கு எதற்கு மருந்து என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. அம்மா கையை விடுங்கப்பா என்று அனு அழாத குறையாகச் சொன்னாள். எனக்கும் ஒரு கணம் சந்தேகம் தட்டியது, பொய் சொல்வானேன்.

மதினி கையை உதறவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“புத்து மண்ணு. பொட்டலமாத் தந்தா குப்பையில போட்டுருவிய. அதான் பொடியில கலந்து விட்டேன். அந்த மொத லீவுக்குப் பொறவு நீங்க கொண்டுபோன பாட்டில் அம்புட்டுலயும் போட்டேன்.”

“இடிச்சது யாரு?”

“மிக்ஸியிலதான் அரைச்சேன். வேற யாரு வந்து இடிப்பா?”

“பொறவு ஏன் இங்கன வந்ததும் நிப்பாட்டுன?”

“அங்கன தனியா கெடந்திய. அம்மன் பாத்துக்கிடட்டும்னு போட்டேன். வீட்டுக்கு வந்த பொறவு எதுக்கு? அதான் நான் இருக்கேம்லா.”

கோமதிநாயகத்தின் பிடி தளர்ந்தது. ஆனாலும் ஆள் மாறிவிடுவாரா? பொட்டலத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, கோயில் மண்தானா, வேறு எங்காவது அள்ளியதா என்று ஒரு கேள்வி கேட்டார். மதினி பொட்டலத்தைத் திரும்ப வாங்கி, மிச்சத்தையும் பொடியில் தட்டி, கரண்டியால் கிளற ஆரம்பித்தார். மணிக்கட்டில் அவருடைய விரல் தடம் சிவந்து கிடந்தது. கோமதிநாயகம் அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

நான் கிளம்பலாம் என்று திரும்பினேன். அனு பாட்டிலைத் துடைத்து எடுத்து வந்தாள். கோமதிநாயகம் எங்கள் யாரையும் பார்க்காமல், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி, மனைவி பக்கம் உள்ளங்கையை நீட்டினார். மதினி ஒரு கரண்டிப் பொடியை அதில் வைத்தார். கை நேராக வாய்க்குப் போயிற்று. மூக்கின் அருகே நிற்கவே இல்லை.