ஒரு சாதாரண உதை

முல்லைத்தீவு நண்டுக் கொம்பனியில் யாருடைய கை வேகமானது என்று கேட்டால் எல்லோரும் நிறஞ்சனாவைத்தான் காட்டுவார்கள். ஓட்டை உடைத்துச் சதையைச் சிதறாமல் இழுத்துத் தட்டில் போட, அவளுக்கு ஒரு மூச்சு விடும் நேரம் போதும். அந்தக் கெட்டித்தனத்துக்கு ஊர் கொடுத்த பரிசு ‘நண்டு’ என்ற பட்டப்பெயர். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இருபத்து நாலு வயதில் அவளுக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. நண்டு மணக்காத ஓரிடத்தில், நாலு பேர் முன்னால், முதலாவதாகத் தன் பெயரைக் கூப்பிட வேண்டும்.

அதற்கு வழியும் இருந்தது. வவுனியாவில் நடக்கும் வீடியோ சண்டைக் கேம் போட்டியில் வெல்பவர் கொழும்பில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். அவளுடைய மச்சான் மெல்ரொன் வீட்டு முன்னறையில் கேம் கடை வைத்திருந்தான். அங்கே எந்நேரமும் பெடியன்கள். அவர்களோடு ஒரு பெண்பிள்ளை இருந்தால் சனம் கதைக்கும் என்று சொல்லி, குசினிக்குப் பக்கத்து அறையில் ஒரு பழைய ரீவீயை அவளுக்கென்று வைத்துக் கொடுத்தான். அவளுடைய அம்மா ஞானமலர் உருகிப்போய் அவனுக்காகக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

அந்தக் கேமில் சுழல் உதை என்று ஒன்று உண்டு. திரையில் பாயும் வீராங்கனை தரையைத் தொடும் அதே கணத்தில் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்க வேண்டும். கண் இமைக்கும் நேரம் முந்தினாலும் காற்றை உதைத்துவிட்டு எதிரிக்கு முதுகு காட்டி நிற்பாள். வேலை முடிந்து வந்து, விரல் வெடிப்புகளில் உப்பு எரிய எரிய, பத்து மாதம் அதையே பழகினாள். கடைசியில் பத்துக்குப் பத்தும் விழுந்தது.

மெல்ரொனுக்குச் சுழல் உதை ஒன்றுகூட விழாது. தடுப்பான், பின்வாங்குவான், சாதாரண உதை உதைப்பான். அந்த அறையில் அவளோடு விளையாடிய நாளெல்லாம் தோற்றான். தோற்றுவிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பாசம் என்று நம்பினாளே, அவளை என்ன சொல்வது!

வவுனியா மண்டபத்தில் முதல் ஆட்டத்திலேயே சுழல் உதை விழவில்லை. பதற்றம் என்று நினைத்தாள். பேசாமல் அதை விட்டுவிட்டுச் சாதாரண உதையாலேயே மூன்று பேரை விழுத்தினாள். இறுதி ஆட்டத்தில் எதிரே வந்து இருந்தவன் மெல்ரொன்.

ஆளுக்கொரு சுற்று வென்றார்கள். மூன்றாவது சுற்றில், திரையில் மெல்ரொனின் உயிரைக் காட்டும் கோடு நூலளவுதான் மிஞ்சியிருந்தது; அவளுடையதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு சாதாரண உதை விழுந்தால் போதும், கொழும்பு அவளுக்கு. அப்போது அவன் தடுப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றான். திரையைப் பார்த்தபடியே, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்.

“என்ன மச்சாள், சுழல் உதை எங்கை? நண்டு உடைக்கிற கைக்கு மேடையிலை வராதோ?”

பெடியன்கள் கொல்லென்று சிரித்தார்கள். யாரோ ஒருத்தன் மூக்கைப் பொத்திக் காட்டினான்.

அவளுக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது. சாதாரண உதையால் வென்று என்ன பயன்? பாய்ந்தாள். இரண்டு பட்டன்களையும் அமுக்கினாள். கால் காற்றில் போனது. முதுகு திரும்பிய அந்த நொடியில் மெல்ரொன் ஒரு சாதாரண உதை உதைத்தான்.

அவன் பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.

பஸ் நிலையத்தில் அவனே வாயைத் திறந்தான். “அந்தப் பழைய ரீவீ எல்லாத்தையும் கொஞ்சம் பிந்தித்தான் காட்டும். அதிலை, தரையைத் தொடுறதைக் காணமுதலே அமுக்கிப் பழகின கை, நல்ல திரையிலை முந்திப்போடும்.”

“தெரிஞ்சுகொண்டே என்னை அதிலை இருத்தினனீங்களோ?”

“ஓம். வேகத்திலை உன்னை வெல்லேலாது எண்டு எனக்குத் தெரியும். அதுக்கு வேறை என்ன செய்யிறது?” வெட்கமில்லாமல் சொன்னான். “ஆனா ரீவீயிலை பிழை சொல்லாதை. சும்மா உதைச்சிருந்தால் நீதான் வெண்டிருப்பாய்.”

அதுதான் அவளை அறுத்தது. அவன் சொன்னது உண்மை.

பஸ் வந்தது. ஏறுமுன் அவன் திரும்பினான். “கொழும்புக்குப் போகமுதல் எனக்குப் பழக ஒரு ஆள் வேணும். நாளைக்கு வேலை முடிய வாறியோ?”

நியாயமாக அவன் முகத்தில் துப்பியிருக்க வேண்டும். ஆனால் ஊரில் அவளை விளையாட விட வேறு ஒரு கடையும் இல்லை.

“வாறன் மச்சான்” என்றாள்.