வருகைப் பதிவேட்டைத் தின்ற சங்கரலிங்கம்

விருதுநகர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மகள் போன் செய்தார். “வக்கீலம்மா, அப்பா காலையில போயிட்டாக. காப்பியில சீனி கம்மின்னாக. அதான் கடைசிப் பேச்சு.” அழுவதா சிரிப்பதா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசு ஆலையின் போர்மேனாக அவரை உங்களில் பலர் அறிவீர்கள். எனக்கு அவர் அறிமுகமானது கைதியாக. அந்த ஆலையில் ஓர் அறை தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை, பாக்கியம் என்ற தொழிலாளியின் வலது கை வெந்துபோனது. அனுமதித்த அளவுக்கு மேல் அந்த அறையில் ஆட்கள் இருந்தார்கள். காவலர்கள் வருகைப் பதிவேட்டைக் கேட்டதும், முதலாளியைக் காப்பாற்ற நினைத்து, அன்றைய பக்கத்தைக் கிழித்து மென்று விழுங்கிவிட்டார் அண்ணாச்சி. சாட்சியத்தை அழித்து நீதிக்குக் குறுக்கே நின்றதற்கு இரண்டு ஆண்டுச் சிறை. முதலாளி சிறைப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

குற்றத்தை மறுக்காமல், தண்டனையின் கடுமையை மட்டும் எதிர்த்து மேல்முறையீடு செய்தேன். வயதானவர், இதய நோயாளி என்று வழக்கம்போல எழுதியிருந்தேன். சிறையில் படித்துக் காட்டியதும் கோபித்துக்கொண்டார். “எனக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லம்மா. அந்தப் பேப்பரைத் தின்னு நாலு நாள் வயிறுதான் வலிச்சது. வேணும்னா அதை எழுதுங்க.” மனுவிலிருந்து இதயத்தை அடித்துவிட்டேன். வயிற்றை எழுதவில்லை.

விசாரணையன்று நீதிபதி அவரிடமே கேட்டார்: “முழுப் பக்கத்தையுமா தின்றீர்கள்?”

“ஆமாங்கய்யா. மை ஒரே கசப்பு.”

“இப்போது என்ன நினைக்கிறீர்கள்?”

அண்ணாச்சி தலைகுனிந்தார். “கேடு முதலாளிக்கு இல்லங்கய்யா. அங்கன வேலை பாத்ததுக்கு அத்தாட்சி இல்லைன்னு பாக்கியத்துக்கு நஷ்ட ஈடு தர மாட்டேங்காக. அந்தப் பிள்ளை கையும் போயி, பேரும் போயி நிக்கிது. பக்கம்தான் வயித்துக்குள்ள போச்சு, பேரெல்லாம் ஞாபகம் இருக்கு. சொல்லவா?”

பாக்கியத்தில் தொடங்கி வரிசையாகப் பத்துப் பெயர் சொன்னார். பதினொன்றாவதில் நின்றுவிட்டார். நெற்றியைத் தேய்த்தார், கூரையைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “ஏங்க, என்னைய விட்டுட்டீகளே!” அண்ணாச்சியின் மனைவி; அவரும் அன்று அந்த அறையில் வேலை பார்த்தவர். நீதிபதி வழக்குக் கோப்பை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அமைதி காக்கச் சொல்ல வேண்டிய டவாலியும் சிரித்துக்கொண்டிருந்தார்.

செய்த குற்றம் சிறியதல்ல என்று நீதிபதி கண்டித்தார். ஆனாலும் அதனால் விளைந்த கேட்டைத் தானே சரிசெய்ய முன்வந்ததை ஏற்று, அதுவரை கழித்த மூன்று மாதமே தண்டனைக்குப் போதுமென்று தீர்ப்பளித்தார். வெளியே வந்த அண்ணாச்சி வீட்டுக்குப் போகுமுன் பாக்கியத்துக்காக வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டார். பாக்கியத்துக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. அண்ணாச்சிக்கு அந்தக் கம்பெனியில் வேலை போனது.

விடைபெறும்போது என்னிடம் சொன்னார்: “தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லிட்டாப் பத்தாதும்மா. அதுல அடிபட்டது யாருன்னு பேரைச் சொல்லணும்.”

தண்டனையைக் குறைக்கக் கேட்டு என்னிடம் வருகிறவர்களிடம் இன்று முதலில் அந்தப் பெயரைத்தான் கேட்கிறேன். பலர் விழிக்கிறார்கள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு வக்கீலிடம் போகிறார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு, சொல்லும்வரை காத்திருக்கிறேன்.