பிடோக்கில் பாதிக் குன்று

இன்று காலை சிராங்கூன் ரோட்டில் பஸ் ஏறி மறுபடியும் பிடோக் குன்றுக்குப் போனேன். பாறையும் மரமுமாக ஓர் இயற்கைக் காட்சி வரைந்து வரச் சொல்லியிருந்தார் ஓவிய வாத்தியார். போன ஞாயிறு பாதி வரைந்திருந்தேன்.

போய்ப் பார்த்தால் மரத்தைக் காணோம். கடலைத் தூர்க்கக் குன்றையே வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

உட்காரக்கூட இல்லை. நின்றபடியே அவசரமாக வரைந்தேன். மண் ஏற்ற வந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, இல்லாத மரத்துக்கு இலை போடுறீங்க?”

“போன வாரம் இருந்துச்சு தம்பி.”

“இந்தப் பாறையும் மத்தியானம் போயிடும். என் லாரிய வரைங்க லா. அதுதான் அடுத்த வாரமும் இங்க நிக்கும்.”

லாரியையும் வரைந்துவிட்டேன்.

இயற்கை எங்கே என்று வாத்தியார் கேட்டால், லாரியில் ஏறிக் கடலுக்குப் போய்விட்டது என்று சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள்.