குளிர் எந்த வழியாக வருகிறது?

சென்னையிலிருந்து என் ஒன்றுவிட்ட தங்கை ரஹீமா போன வாரம் போன் செய்திருந்தாள். பேச்சுவாக்கில், தம்மாமில் இரண்டு நாளாகக் குளிர் காற்று என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். சிரிக்க ஆரம்பித்தவள் கார்டில் காசு தீரும்வரை நிறுத்தவில்லை. சவூதியில் குளிரா? பாலைவனத்தில் ஸ்வெட்டரா?

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி இங்கே வந்தபோது நானும் பெட்டியில் ஒரு கம்பளிகூட எடுத்து வைக்கவில்லை. வளைகுடா என்றால் வெயில் – ஊரில் அவ்வளவுதானே தெரியும்?

ஜனவரியில் வடக்கேயிருந்து ஒரு காற்று வரும் பாருங்கள்... எலும்பை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

எங்கள் வீடு ஒரு பழைய கட்டடத்தின் மாடி. இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு சமையலறை. ஹாலோ பிளாக் சுவர், அதற்குமேல் ஒரு பூச்சு. தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. ஆகஸ்டில் அந்தத் தளம் தோசைக்கல். ஜனவரியில் அதுவே ஐஸ் பெட்டி. சுவரைக் குடைந்து செருகிய விண்டோ ஏசிகள் வேறு. வெயில் காலத்துக்குக் கட்டிய வீடும் இல்லை, குளிர் காலத்துக்குக் கட்டிய வீடும் இல்லை. பின்னே எதற்குக் கட்டினார்கள்? வாடகைக்கு.

போன வருடக் குளிரில் என் மகள் அஃப்ரினுக்கு நான்கு வயது. டிசம்பர் கடைசியில் ஆரம்பித்தது இழுப்பு. இரண்டு வாரத்தில் மூன்று தடவை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முகத்தில் மாஸ்க்கை வைத்துப் புகை மாதிரி மருந்தை உள்ளே இழுக்கவைப்பார்கள். முதல் தடவை கத்தினாள். மூன்றாவது தடவை அவளே மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

டாக்டரம்மா ஹைதராபாத்காரர். ஒளிவுமறைவில்லாமல் பேசுபவர். பிள்ளை தூங்கும் அறை கதகதப்பாக இருக்க வேண்டும், மண்ணெண்ணெய் ஹீட்டர் கூடவே கூடாது, அந்தப் புகை இவளுக்கு விஷம் என்றார். முடியாவிட்டால் குளிர் முடிகிறவரை தாயையும் பிள்ளையையும் ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலமே என் கணவர் நாசர் கம்பெனியில் நாங்கள் ஊருக்குப் போய்வர விசா பேப்பருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"மூணு மாசம்தானே புள்ளே. மார்ச்ல திரும்பி வந்துடலாம்."

மூன்று மாதம்! வளைகுடாவில் மூன்று மாதம் என்று போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையை அங்கேயே ஸ்கூலில் சேர்ப்பார்கள். ஒரு வருடம் முடியட்டும் என்பார்கள். அப்புறம் வாப்பா என்றால் வெள்ளிக்கிழமை போனில் கேட்கும் குரல்... அவ்வளவுதான். ஊரில் எங்கள் தெருவில் அப்படி எத்தனை வீடு!

அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

"மூணு வாரம் டைம் கொடுங்க மச்சான். அதுக்கப்புறமும் அவளுக்கு இழுத்துச்சுன்னா நானே பெட்டி கட்டுறேன்" என்றேன்.

ஏதோ ஒரு வேகத்தில் சொன்னதல்ல இது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் நாகப்பட்டினத்தில் பிசிக்ஸ் டீச்சராக இருந்தவள் நான். ஒன்பதாம் வகுப்புக்கு வெப்பம் என்ற பாடத்தை மூன்று தடவை நடத்தியிருக்கிறேன். இங்கே வந்தபிறகு அந்தப் படிப்பெல்லாம் குக்கர் விசிலோடு சரி. இப்போது முதல் தடவையாக ஒரு கேள்வி வந்தது – எண்ணெய் ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடுகிறது. அறை மட்டும் விடிந்தால் பன்னிரண்டு டிகிரி. அப்படியானால் அந்தச் சூடெல்லாம் எங்கே போகிறது?

வெள்ளிக்கிழமை காலையில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினேன்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல் ஓரம், கதவு ஓரம், ஏசி ஓரம் என்று மெதுவாக நகர்த்தினேன். காற்று இல்லாத இடத்தில் புகை நேராக மேலே போகும். ஓட்டை இருக்கும் இடத்தில் சட்டென்று படுக்கும். படுத்த இடத்திலெல்லாம் அஃப்ரின் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டாள். ஏசியைச் சுற்றி நான்கு. ஜன்னல் கண்ணாடி சறுக்கும் பள்ளத்தில் மூன்று. கதவுக்கு அடியில் இரண்டு, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனில் ஒன்று... கட்டிலுக்குப் பின்னால் இருந்த பிளக் பாயிண்டில்கூட ஒன்று. பிள்ளையின் தலைமாட்டில்! மொத்தம் பதினோரு குறி.

நாசர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை பார்ப்பது கட்டடச் சாமான் கடையில். ஃபோம் டேப், சிலிக்கான், தெர்மோகோல் எல்லாம் தினமும் ஊருக்கே விற்கிறவர். வீட்டுக்கு ஒரு முழம் டேப் கொண்டுவந்ததில்லை.

அன்று கொண்டுவந்தார்.

ஜன்னலுக்கு டேப். ஏசி ஓரங்களுக்கு சிலிக்கான் பசை. குளிர் காலத்தில் ஏசி எதற்கு? பழைய ரஜாயை, அதாவது பஞ்சு வைத்த போர்வையை, வெட்டி அதற்கு ஒரு சட்டை தைத்து மாட்டினேன். கதவுக்கு அடியில் வைக்கத் துணியில் நீளக் குழாய் தைத்து மணல் நிரப்பினேன். மணலுக்கா இங்கே பஞ்சம்? நான்காவது நாள் காலையில் தெர்மாமீட்டர் பதினாறைக் காட்டியது. அக்கம்பக்கத்தில் சொல்லாத குறை.

ஏழாவது நாள் எல்லாம் சரிந்தது.

காலையில் எழுந்து பார்த்தால் வடக்குச் சுவர் வியர்த்துக்கொண்டிருக்கிறது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. அறை முழுக்க ஈர நாற்றம். அஃப்ரின் எழுந்தவுடனே இருமினாள் – எனக்குத் தெரிந்த அந்த இருமல். நாசர் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நன்றாகவே அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சொட்டுகளைப் பார்த்தேன். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே சொட்டு எப்படி வருகிறது என்று எத்தனை பிள்ளைகளை எழுப்பிக் கேட்டிருக்கிறேன்... ஈரக் காற்று குளிர்ந்த பரப்பைத் தொட்டால் தண்ணீர். ஈரம் எங்கிருந்து? புழுதிக்குப் பயந்து துணியெல்லாம் அறைக்குள்ளேயே காயப்போட்டது நான். பிள்ளைக்கு நல்லது என்று கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவி நிரப்பியதும் நான். எல்லாவற்றையும் உள்ளே வைத்து சிலிக்கான் போட்டு மூடியதும் நானேதான்!

தப்பு என்னுடையது என்று தெரிந்ததும் ஒரு தெம்பு வந்தது. நம் தப்பை நாமே திருத்தலாமே?

பூஞ்சையை சுத்தமாகத் துடைத்து எடுத்தேன். துணி மொட்டை மாடிக்குப் போனது. ஆவி நின்றது. தினமும் உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஆனால் சுவர் குளிர்ந்தே இருந்தால் இதெல்லாம் பாதி வைத்தியம்தான். சுவருக்கே போர்வை வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டு ஓனர் அபூ சாலிஹின் சட்டம். அதனால் நாசர் மரச்சட்டம் ஒன்று செய்து, அதில் ஃபோம் பலகையை வைத்து, மேலே ஜிப்சம் போர்டால் மூடி, ஓரங்களை அடைத்து, தரையிலிருந்து கூரைவரை ஒரு புதுச் சுவரையே நிறுத்தினார். ஆணி ஒன்றுகூட இல்லை.

மிச்சம் இருந்தது மொட்டை மாடி. அதற்கு ஓனர் சம்மதம் வேண்டும்.

அபூ சாலிஹ் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் புதிதாக எது சொன்னாலும் முதல் பதில் இல்லை என்பதுதான். குளிர் இரண்டே மாதம், ஹீட்டர் போடுங்கள், கலாஸ் என்று முடித்துவிட்டார். பேச்சில் ஜெயிக்க முடியாத ஆளைக் கையால்தான் ஜெயிக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு டீ சாப்பிட மட்டும் அழைத்து வரச் சொன்னேன்.

வந்தார். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டேன். நாசர் அவரை முதலில் ஹால் சுவரில் கை வைக்கச் சொன்னார். பிறகு உள்ளே கூட்டிப்போய் புதுச் சுவரில். அபூ சாலிஹ் திரும்ப ஹாலுக்குப் போய்த் தொட்டார். மறுபடி உள்ளே வந்து தொட்டார். அப்புறம் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். நாசரிடம் அரபியில் ஏதோ கேட்டார்.

"மேலேயும் இதே மாதிரி பண்ணினா, வெயில் காலத்துல ஏசி கம்மியா ஓடுமான்னு கேக்குறாரு."

"ஓடும்னு சொல்லுங்க. எழுதிக் கேட்டாலும் தர்றேன்னு சொல்லுங்க."

எழுதிக் கேட்கவில்லை. மழைத் தண்ணீர் ஒழுகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு, மாடியில் வேலை செய்ய யல்லா, நடக்கட்டும் என்றுவிட்டார்.

இங்கேதான் முருகேசன் வருகிறார். அறந்தாங்கிப் பக்கம். பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியில் கெட்டியான ஃபோம் பலகை பரப்பி, அதன்மேல் சிமெண்ட் ஓடு பதிப்பதுதான் அவர் தொழில். நாசர் கடைக்கு வாடிக்கையாக வருபவர். சைட்டில் தூக்கிப்போட இருந்த மிச்சப் பலகைகளை இன்ஜினியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை, தொழிலாளர் கேம்ப்பிலிருந்து மூன்று பேரைக் கூட்டி வந்தார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு ஓய்வு. கூலி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. பிரியாணி மட்டும் கேட்டார்கள்.

முதல் வரிசை முடிந்தபோது மாடிக்கு டீ கொண்டு போனேன். இரண்டாவது வரிசையின் இணைப்பு முதல் வரிசையின் இணைப்புக்கு நேராக வராமல் தள்ளிப் போட முடியுமா, சூடு தப்ப நேர் வழி இருக்காதே என்று கேட்டேன். முருகேசன் நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி எந்த சைட்ல வேலை பாத்துச்சு?"

"ஒன்பதாம் வகுப்புலண்ணே."

சிரித்துவிட்டுத் தள்ளியே போட்டார். சாயங்காலம் கடைசி ஓட்டை வைத்துவிட்டு இறங்கும்போது அஃப்ரின் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையைத் தடவிவிட்டு நாசரிடம் சொன்னார்: "பத்து வருஷமா தினம் இதைத்தான் பாய் போடுறோம். உள்ள யாரு இருக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு போட்டது இதான் மொத தடவை."

மறுநாள் காலை ஹீட்டர் நின்று எட்டு மணி நேரமாகியும் தெர்மாமீட்டர் பதினெட்டு. நான் நம்பவில்லை. தட்டிப் பார்த்தேன். பதினெட்டுதான். சுவரில் ஒரு சொட்டு இல்லை. அஃப்ரின் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் நாசரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று அந்த மூச்சைக் கேட்டோம். சத்தமே இல்லாத மூச்சு. உலகத்தில் இதைவிட நல்ல சத்தம் உண்டா?

எனக்குக் கொடுத்த மூன்று வாரம் முடிந்து அன்று இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் அதைச் சொல்லவேயில்லை. பாஸ்போர்ட்டுகளை எடுத்து அலமாரியில் வைத்து, சாவியை என் கையில் கொடுத்தார்.

அந்தக் குளிர் முடிகிறவரை கிளினிக் பக்கம் போகவில்லை. பிப்ரவரி கடைசியில் சும்மா காட்டப் போனபோது டாக்டரம்மா முதுகிலும் நெஞ்சிலும் மாற்றி மாற்றி ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். பிள்ளை வளர வளரக் குறைகிற நோய்தான், எல்லாப் பெருமையையும் நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்தார். சரி, பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் இன்னொரு வேடிக்கை. ஒரு மத்தியானம் வீட்டில் திடீரென்று அமைதி. கரண்ட் போய்விட்டதோ என்று ஓடி வந்தேன். இல்லை – அறை போதுமான அளவு குளிர்ந்து, ஏசி தானே நின்றிருக்கிறது. வந்த நாளிலிருந்து இந்த வீட்டு ஏசி பகலில் நின்று மூச்சு விட்டு நான் பார்த்ததேயில்லை!

இந்த ஜனவரிக்கு வருகிறேன். இதுவரை ஹீட்டர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. போன வியாழக்கிழமை அபூ சாலிஹ் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். அவருடைய தாயாருக்கு மூட்டுவலி. அறை வடக்குப் பக்கம், குளிர் தாங்கவில்லை. ஆனால் அந்த அம்மா தம் அறைக்குள் எந்த ஆண் வேலையாளையும் விடமாட்டாராம். பிளம்பர் வந்தாலே பெரிய ரகளையாம். அதனால்... நாசரின் வீட்டம்மா வர முடியுமா என்று கேட்டார்.

போனேன். மருமகளும் இரண்டு பேத்திகளும் எனக்கு உதவி. இரண்டு நாள் வேலை. அந்த அம்மா கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நான் ஒட்டும் ஒவ்வொரு அங்குல டேப்பையும் மேற்பார்வை பார்த்தார். ஓர் இடத்தில் கோணலாக ஒட்டியதை விரல் நீட்டிப் பிரிக்கவைத்தார். மூன்றாம் நாள் காலையில் நான் பார்க்கப் போனபோது எழுந்து, மெதுவாக நடந்து வந்து, சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. பிறகு மருமகளிடம் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரு வார்த்தைதான் – முஹந்திஸா. இன்ஜினியர் அம்மா.

வீட்டுக்கு வந்து நாசரிடம் சொன்னேன். பெருமையில் அவருக்குத்தான் தரையில் கால் பாவவில்லை.

அவருடைய இகாமாவில், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதிப் புத்தகத்தில், என் பெயருக்கு எதிரே ஒரு வரி உண்டு: 'வேலை செய்ய அனுமதி இல்லை.'

நல்லவேளை, அந்த அம்மா இகாமா கேட்கவில்லை.